கோனனும் எட்டாம் வகுப்பு ‘பி’யும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். 1996-97இல் எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில் என்னிடம் படித்தவர்கள் மட்டும், நேரம் இல்லாவிட்டாலும் கடைசி வரை படித்துவிடுங்கள். உங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். என் பிறந்தநாளுக்குத் தவறாமல் பூங்கொத்துப் படம் அனுப்புகிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கோடை விடுமுறைக்குப் பேத்தி பழவேற்காடு வந்திருந்தாள். ஏழாம் வகுப்பு போகப்போகிறாள். வந்த அன்றைக்கே ஒரு மூலையில் உட்கார்ந்து ஏதோ பொம்மைப் படம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். பேச்சு ஜப்பான் மொழி. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது. “கண்ணு கெட்டுப்போயிடும்டி” என்று வழக்கமான பாட்டைப் பாடினேன்.

“ஆயா, இது பொம்மைப் படம் இல்ல. துப்பறியிற கதை. நீங்க கிரைம் நாவல் பைத்தியம்னு அம்மா சொல்லியிருக்காங்க. ஒரே ஒரு எபிசோடு பாருங்க” என்றாள்.

ஒரு எபிசோடுக்காக உட்கார்ந்தவள் முதல் சீசனின் 28 எபிசோடுகளையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். ஒரே மூச்சில் இல்லை, மூன்று வாரத்தில். மதியம் சோறு தின்றுவிட்டு, ஏரிக்காற்று கொஞ்சம் வரும் ஜன்னலோரம் பாயை விரித்து, இருவரும் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தோம்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொடரின் பெயர் ‘டிடெக்டிவ் கோனன்’. கோஷோ அவோயாமா என்ற ஜப்பானியர் 1994இல் ஒரு வாரப் பத்திரிகையில் படக்கதையாகத் தொடங்கினார். 1996 ஜனவரி 8ஆம் தேதி முதல் தொலைக்காட்சியில் வருகிறது. 1,100 எபிசோடுகளைத் தாண்டியும் முடியவில்லை. நம் ஊர் மெகா சீரியல்கள் பக்கத்தில் நிற்க முடியாது. அவோயாமா பிறந்த தொத்தோரி மாவட்டத்து ஊரில் கோனனுக்குச் சிலைகள் இருக்கின்றன. அந்த மாவட்டத்து விமான நிலையத்துக்கே கோனன் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள்.

கதை இதுதான். ஷினிச்சி குடோ என்று ஒரு பள்ளி மாணவன். போலீஸே உதவி கேட்கும் அளவுக்குத் துப்பறியும் மூளை. ஒருநாள் கறுப்பு உடைக்காரர்கள் இருவரின் ரகசிய வேலையை ஒளிந்திருந்து பார்க்கிறான். பின்னால் வந்து மண்டையில் அடித்து, வாயில் விஷ மாத்திரையைத் திணித்துவிடுகிறார்கள். அவன் சாகவில்லை. உடம்பு சுருங்கி ஒன்றாம் வகுப்புப் பையன்போல் ஆகிவிடுகிறான். அறிவு மட்டும் அப்படியே இருக்கிறது. யாராவது பெயர் கேட்டால் என்ன சொல்வது? முதுகுப் பக்கம் இருந்த புத்தக அலமாரியைப் பார்த்து, ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலிலிருந்து பாதி, ஜப்பானியத் துப்பறியும் கதைகளின் முன்னோடி எடோகாவா ராம்போவிலிருந்து பாதி எடுத்து ‘எடோகாவா கோனன்’ என்கிறான். ராம்போ என்பதும் புனைபெயர்தான். எட்கர் ஆலன் போ என்ற பெயரை ஜப்பானிய நாக்கில் சொன்னால் அப்படி வருமாம்.

எனக்குப் பிடித்துப்போன இடம் இதற்கு அடுத்தது. கொலைகாரன் யார் என்று கோனனுக்குத் தெரிந்துவிடும். ஆனால் பொடியன் சொன்னால் யார் கேட்பார்? “சும்மா இருடா” என்று தலையில் குட்டுவார்கள். அதனால் அவன் தங்கியிருக்கும் வீட்டுக்காரரான மௌரி கோகோரோ என்ற அரைகுறைத் துப்பறிவாளரைக் கைக்கடிகாரத்திலிருந்து மயக்க ஊசி விட்டுத் தூங்கவைப்பான். பிறகு நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கழுத்து ‘போ’ டையில் இருக்கும் ஒரு கருவியால் அவர் குரலில் பேசுவான். அப்போது எல்லோரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். உண்மை அதேதான். பெரிய மனுஷன் குரலில் வந்தால்தான் அது உண்மை.

பேத்தி இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் முதலில் சிரித்தேன்.

முதல் எபிசோடில் ரோலர்கோஸ்டரில் ஒரு கொலை நடக்கிறது. செய்தது யார் என்பதைக் கண்ணீரை வைத்துக் கண்டுபிடிக்கிறான் ஷினிச்சி. அழுதால் கண்ணீர் கன்னத்தில் கீழ்நோக்கித்தானே வழியும்? ஒரு பெண்ணுக்கு அது பக்கவாட்டில் ஓடியிருக்கிறது. ஆகவே வண்டி பறந்துகொண்டிருந்தபோதே அவள் அழுதிருக்கிறாள், கொலை நடக்கப்போவது முன்பே தெரிந்து அழுதிருக்கிறாள். இதை எல்லோர் முன்னாலும் விரலை நீட்டிச் சொல்கிறான். அவள் உடைந்துபோய் ஒப்புக்கொள்கிறாள்.

“செமல்ல ஆயா?” என்றாள் பேத்தி.

“செமதான்” என்றேன். சொல்லும்போதே அடிவயிற்றில் ஏதோ ஒன்று புரண்டது. ஈரத்தை வைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்தவள் நானும்தான்.

அதைச் சொல்வதற்கு முன் இன்னொரு எபிசோடு. இதே சீசனில் பதினொன்றாவது. ஒரு மணி நேரத்துக்கு வருவது. கதை முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்கப்போகிறவர்கள் மன்னிக்கவும்.

செய்தித்தாள் எழுத்துகளை வெட்டி ஒட்டிய கடிதம் ஒன்று மௌரிக்கு வருகிறது. அதில் அழைத்தபடி ஒரு தீவுக்குக் கப்பலில் போகிறார்கள். போய்ப் பார்த்தால், கடிதம் எழுதியதாகச் சொல்லப்பட்ட பியானோ கலைஞர் செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. வீட்டுக்குத் தீ வைத்து, பெண்டாட்டி பிள்ளையோடு எரிந்துபோனார், எரியும்போதும் பீத்தோவனின் ‘மூன்லைட் சொனாட்டா’வை வாசித்துக்கொண்டிருந்தார் என்று ஊர் சொல்கிறது. இப்போது அதே இசை கேட்கும்போதெல்லாம் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள்.

சின்னத் தீவு. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஊர் ஒரு கதையைச் சொல்லிவிட்டால் அதுதான் கதை. எனக்கு ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரம் கண்ணில் வந்து நின்றது.

கோனன் கண்டுபிடித்துவிடுகிறான். பியானோக்காரர் தற்கொலை செய்துகொள்ளவில்லை. போதைப்பொருள் கடத்தலுக்கு இனி உடன்படமாட்டேன் என்றதால் கூட்டாளிகளே கொன்று எரித்தார்கள். பழிவாங்குவது அவருடைய மகன். தீவின் அன்பான டாக்டராக, பெண் வேடத்தில், எல்லோருக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவன். கோனன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. ஆனால் உண்மை வெளிவந்ததும் அந்த டாக்டர் எரியும் கட்டடத்துக்குள் போய்ப் பியானோ முன் உட்கார்ந்துவிடுகிறான். இழுத்துவர ஓடிய கோனனை ஜன்னல் வழியே வெளியே வீசிவிட்டு, வாசித்துக்கொண்டே எரிந்துபோகிறான்.

பொடியன் கோனன் வெளியே நின்று பார்க்கிறான். எல்லாம் சரியாகக் கண்டுபிடித்தும் ஆளைக் காப்பாற்ற முடியவில்லை. துப்பறிந்து ஒருவனை மூலைக்குத் தள்ளி அவன் உயிரை விட்டால், அந்தத் துப்பறிவாளனுக்கும் கொலைகாரனுக்கும் வித்தியாசம் இல்லை என்று பின்னால் வேறொரு கேஸில் கோனன் சொல்வானாம். பேத்தி சொன்னாள்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். “ஆயா, டீயா?” என்று குரல் கொடுத்தாள். “ஆமா” என்றேன். அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை.

இப்போது எட்டாம் வகுப்பு ‘பி’.

1996 மார்ச் 21ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. டி3 ராக்கெட் போனது. ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு ராக்கெட் புதிதில்லை. வீட்டு வாசலிலிருந்தே பார்ப்பவர்கள். அன்றைக்குக் கடலுக்குப் போகக்கூடாது என்பதால் அப்பா வீட்டில் இருக்கும் நாள் என்றும் தெரியும். அடுத்த கல்வியாண்டில் நான் உங்களுக்கு அறிவியல் எடுத்தபோது, “டீச்சர், அது எங்க போய் நிக்கும்?” என்று ஒரு பையன் கேட்டான். பசியாவரத்திலிருந்து படகில் வருகிறவன். அவன் கேட்ட அந்தக் கேள்வியால்தான் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குச் சுற்றுலா போவோம் என்று முடிவு செய்தேன். ஆளுக்கு 25 ரூபாய். ஒரு நீள நோட்டில் வருகிறவர்கள் பெயர் எழுத வேண்டும். பணத்தைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு மேசை டிராயரில் வைப்பேன். 17 பேர் கொடுத்து 425 ரூபாய் சேர்ந்திருந்தது.

ஒருநாள் காலை பிரேயர் முடிந்து வகுப்புக்கு வந்தால் டப்பா இல்லை.

பசியாவரம் பையன் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தான். படகு பிந்திவிட்டால் பிரேயருக்கு வரமாட்டான், நேராக வகுப்புக்கு வந்துவிடுவான். அப்போது அந்த ஊருக்குப் பாலம் கிடையாது. தண்ணீர் வற்றிய இடத்தில் படகு தரைதட்டினால் பையைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கி வரவேண்டும். அவன் கால் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்.

சிமென்ட் தரையில் ஈரக்கால் தடம் வாசலிலிருந்து என் மேசை வரைக்கும் போய், அங்கே நின்று, பிறகு அவன் பெஞ்சுக்குத் திரும்பியிருந்தது.

தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா என்று படித்து வளர்ந்த மூளை எனக்கு. அந்தத் தடத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம்கூட முதலில் வரவில்லை. பெருமைதான் வந்தது. இதை மறைக்காமல் சொல்கிறேன். 42 பிள்ளைகளையும் நிற்கவைத்தேன். ஸ்கேலால் தரையைக் காட்டினேன். “யார் கால் ஈரமா இருக்கு? பிரேயர் நேரத்துல உள்ள யாரு இருந்தா? மேசைகிட்ட எதுக்கு வந்தே?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். வகுப்பே மூச்சு விடாமல் கேட்டது.

அவன் பதில் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். குற்றம் இல்லாதவன் வாயைத் திறந்து சொல்லமாட்டானா என்று நினைத்தேன். உன் பையைக் கொட்டு என்றேன். கொட்டினான். இரண்டு நோட்டு, ஒரு தூக்கு, பிய்ந்த வலைத்துண்டு ஒன்று. டப்பா இல்லை. எங்கேயோ ஒளித்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றேன்.

அவன் அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் பணம் கிடைத்தது. எடுத்தது யாரும் இல்லை. டிராயர் திறந்து கிடப்பதைப் பார்த்த சக ஆசிரியர் ஒருவர், பத்திரமாக இருக்கட்டும் என்று டப்பாவை ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். அன்றைக்கே அவர் அப்பா தவறிப்போனதாகத் தந்தி வந்து, யாரிடமும் சொல்லாமல் ஊருக்கு ஓடிவிட்டார். காரியம் முடிந்து திரும்பி வந்துதான் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

அப்படியானால் அந்த ஈரத்தடம்? அவன் எதற்காக என் மேசைக்கு வந்தான்?

நீள நோட்டை எடுத்துப் பார்த்தேன். பேனாவில் எழுதிய 17 பெயர்களுக்குக் கீழே, பதினெட்டாவதாக, பென்சிலில் அவன் பெயர். ஈரக்கை பட்டுத் தாள் கொஞ்சம் சுருங்கியிருந்தது. பணம் கட்டாதவர்கள் பெயர் எழுதக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து எழுதியிருக்கிறான். பிறகு கட்டிவிடலாம் என்று நினைத்தானோ, வேண்டாம் என்றால் அழித்துவிடலாம் என்றுதான் பென்சிலில் எழுதினானோ. நான் கேட்டபோது அதைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். ஆனால், எங்கள் வீட்டில் 25 ரூபாய் இல்லை என்று 41 பேர் முன்னால் சொல்லவேண்டியிருந்திருக்கும். பதின்மூன்று வயதுப் பையன் அதைவிடத் திருடன் பெயரே தேவலாம் என்று நின்றுவிட்டான்.

அந்த நோட்டு அத்தனை நாளும் என் மேசைமேல்தான் இருந்தது. சங்கர்லால் படித்த நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்ததும் கேஸ் முடிந்துவிட்டது எனக்கு.

அன்று மாலையே படகேறிப் பசியாவரம் போனேன். வீட்டில் அவன் இல்லை. அம்மா இறாலை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “டப்பா கெடைச்சிடுச்சும்மா, உங்க புள்ள எடுக்கல” என்றேன். “எடுத்திருக்க மாட்டான்னு எனக்குத் தெரியும் டீச்சர்” என்றார். அதற்குமேல் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. “இப்ப அப்பாகூடத் தொழிலுக்குப் போறான். படிப்பு வேணாம்னுட்டான். உட்காருங்க, டீ போடறேன்.” நான் இரண்டு தடவை போனேன், மூன்றாவது தடவை போகவில்லை. காலாண்டுத் தேர்வு வந்துவிட்டது.

எழுத வெட்கமாக இருப்பது இனிமேல்தான். 42 பேர் முன்னால் அவனைத் திருடன் என்றேன். அவன் திருடன் இல்லை என்பதை அவன் அம்மா ஒருவரிடம் மட்டும் சொன்னேன். வகுப்பில், “பணம் கிடைத்துவிட்டது, சுற்றுலா உண்டு” என்றேன். எங்கே கிடைத்தது, எப்படிக் கிடைத்தது என்று சொல்லவில்லை. டீச்சர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களோ என்று பயம். டீச்சர் மிரட்டியதால் அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றுதான் நீங்கள் நினைத்தீர்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேத்தி ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் அவளைக் கூட்டிக்கொண்டு மீன் வாங்கக் கரைக்குப் போனேன். அவன் வந்திருந்தான். நாற்பது தாண்டிவிட்டது, முன்தலை வழுக்கை. கூடையில் மடவை கிடந்தது. “வணக்கம் டீச்சர்” என்றான். எப்போது பார்த்தாலும் அப்படித்தான் சொல்வான். நான் மீனைப் பற்றிப் பேசிவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்றைக்கு யாரோ பின்னாலிருந்து, “டேய் டப்பா, ஐஸ் வந்துடுச்சுடா” என்று கூப்பிட்டார்கள்.

அந்தப் பெயரை நான் இதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறேன். மீனவ ஊரில் பட்டப்பெயர் இல்லாதவர் யார்? குண்டாக இருந்ததால் வைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு நொடியில்தான் எனக்கு உறைத்தது.

“எதனாலப்பா உன்ன டப்பான்னு கூப்பிடறாங்க?” என்று கேட்டேன். பதில் தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

அவன் சிரித்தான். “பழைய கதை டீச்சர். ஸ்கூல் பசங்க வெச்சது. இப்ப கூப்பிடறவங்கள்ல பாதிப் பேருக்குக் காரணமே தெரியாது.”

அவ்வளவு பேர் நடுவில் நின்று சொன்னேன். “நான் உனக்குப் பண்ணது பெரிய தப்புப்பா. வகுப்புல எல்லாருக்கும் சொல்லியிருக்கணும். சொல்லல. மன்னிச்சிடு.”

அவன் மீனை எண்ணிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, “பணம் கெடைச்சதுன்னு அம்மா சொன்னாங்க டீச்சர். பசங்ககிட்ட நீங்க சொல்லுவீங்க, அப்புறம் ஸ்கூலுக்குப் போலாம்னு இருந்தேன். அப்படியே தொழில் பழகிடுச்சு” என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இதை எழுதலாமா என்று கேட்டேன். “எழுதுங்க, எம்பேரு மட்டும் போடாதீங்க. பொண்ணு காலேஜ்ல படிக்கிறா” என்றான். பிறகு அவனாகவே, “போன வருஷம் அவளையும் தம்பியையும் அந்தக் கோளரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போனேன் டீச்சர். ஏசி போட்டு இருட்டாக்கிட்டாங்க. நான் நல்லாத் தூங்கிட்டேன்” என்று சிரித்தான். மடவைக்குக் காசு வாங்க மறுத்தான். நான் விடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பேத்தி ஒன்றும் பேசவில்லை. தெருமுனை திரும்பும்போது, “கோனனுக்காவது அந்த போ டை இருந்துச்சு, ஆயா” என்றாள்.

எட்டாம் வகுப்பு ‘பி’ பிள்ளைகளே, உங்களுக்கு இப்போது பேரன் பேத்தி எடுக்கும் வயது நெருங்குகிறது. இருந்தாலும் எனக்குப் பிள்ளைகள்தான். அன்று உங்கள் முன்னால் சொன்னதை இன்றும் உங்கள் முன்னால்தான் சொல்லவேண்டும். அவன் அந்த டப்பாவைத் தொடவில்லை. நோட்டில் பெயர் எழுதத்தான் மேசைக்கு வந்தான். தப்பு முழுக்க என்னுடையது.

இந்தப் பதிவை நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். இங்கே இல்லாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். கரையில் அவனைப் பார்த்தால் அவன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மறந்துபோயிருந்தால் எனக்குத் தனியாகக் கேட்டு எழுதுங்கள், சொல்கிறேன். அந்த நீள நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பென்சில் எழுத்து மங்கவில்லை.